சில்லுச் சப்பாத்து: விழப் பழகும் விளையாட்டு

நடை பயிலும் குழந்தை விழும்போது நாம் அதனைக் கடிந்துகொள்வதில்லை. தூக்கி நிறுத்தி, “இன்னும் ஓரடி வை” என்று கைதட்டி அழைக்கின்றோம். அதே குழந்தை பத்து வயதைக் கடந்து, பெண்பிள்ளையாகவும் இருந்துவிட்டால், “ஓடாதே, விழுந்துவிடுவாய்” என்பதே வீட்டில் அடிக்கடி கேட்கும் சொல்லாகிவிடுகின்றது. அப்பொழுது விழுதல் நோவுக்கு மட்டுமன்றி, நாணத்துக்கும் உரிய ஒன்றாகிவிடுகின்றது. இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விளையாட்டோ, விழுதலையே முதற் பாடமாகக் கற்பிப்பது. அதன் பெயர் ‘ரோலர் டேர்பி’. சில்லுகள் பூட்டிய சப்பாத்துகளை அணிந்துகொண்டு, நீள்வட்டக் களத்திற் சுற்றிவந்து, எதிரணியினரை ஊடறுத்துச் செல்லும் குழு விளையாட்டு இது. உலகெங்கும் இதனைப் பெரும்பாலும் பெண்களே முன்னின்று நடத்துகின்றார்கள்.

மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம்மவரிற் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். சிலர் திரைப்படத்திற் கண்டிருப்பர். வேறு சிலர் கனடாவிலோ இலண்டனிலோ வாழும் உறவினர் வாயிலாக அறிந்திருப்பர். இவ்விளையாட்டு யாது, இதன் விதிகள் எவை, சில்லுச் சப்பாத்தை ஒருநாளும் அணிந்தறியாத ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்பவற்றை இங்கே முறைப்படி நோக்குவோம்.

முதலிற் சப்பாத்தின் வரலாறு. பெல்ஜிய நாட்டவரான யோசப் மெர்லின் என்னும் கைவினைஞர் 18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்தவர். இசைக்கருவிகளும் பொறிகளும் செய்வதில் வல்லவர். அவர் சிறு சில்லுகள் பூட்டிய சப்பாத்தை அணிந்து, வயலின் வாசித்தவாறே ஒரு விருந்து மண்டபத்தினுள் வலம் வந்தாராம். வந்த வேகத்தைக் குறைக்கவோ திசையைத் திருப்பவோ வழியறியாது, விலையுயர்ந்த நிலைக்கண்ணாடியொன்றின்மீது மோதி, அதனையும் வயலினையும் உடைத்துத் தாமும் காயமுற்றார் என்று சொல்லப்படுகின்றது. ஓடக் கற்றவர் நிற்கக் கற்கவில்லை. சில்லுச் சப்பாத்தை அணியப் புகும் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ள வேண்டிய கதை இது.

திருப்பும் வழியைக் கண்டவர் அமெரிக்கரான யேம்ஸ் பிளிம்டன். அவர் 1863ஆம் ஆண்டில், முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு சில்லுகள் கொண்ட சப்பாத்துக்குக் காப்புரிமை பெற்றார். சில்லுகளின் அச்சுக்கும் பாதத்துக்கும் இடையே அவர் றப்பர் மெத்தையை அமைத்தார். உடலை எப்பக்கம் சாய்க்கின்றோமோ அப்பக்கம் அச்சுத் திரும்பும். இக்காலத்து இருவரிசைச் சப்பாத்தும் அந்தத் தத்துவத்திலேயே இயங்குகின்றது. மரம், களிமண், இரும்பு ஆகியவற்றால் ஆன பழைய சில்லுகளின் இடத்தை, 1970களிற் பொலியூரத்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான சில்லுகள் பிடித்துக்கொண்டன. அவை நிலத்தைப் பற்றிப் பிடிக்கும், அதிர்ச்சியையும் தாங்கும். சாதாரண மனிதர் அச்சமின்றிச் சறுக்க முடிந்தமைக்கு அம்மாற்றமும் ஒரு காரணம்.

இனி விளையாட்டின் வரலாறு. 1930களில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டியது. மக்கள் மலிவான பொழுதுபோக்கைத் தேடிய காலம் அது. லியோ செல்ட்சர் என்பவர் 1935ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் சிக்காகோ நகரிலே ஒரு நெடும் போட்டியை நடத்தினார். ஆணும் பெண்ணுமாக 25 சோடிகள் மரத்தாலான நீள்வட்டப் பாதையில் நாட்கணக்காகச் சுற்றினர். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்லும் தூரத்தை அவ்வாறு சுற்றியே கடப்பதுதான் போட்டி. தொடக்கத்தில் இது வெறும் ஓட்டமாகவே இருந்தது. முந்திச் செல்வோரும் வழிமறிப்போரும் இயல்பாகவே ஒருவரையொருவர் உரசி இடித்துக்கொண்டபோது பார்வையாளரின் ஆரவாரம் மிகுந்தது. டேமன் ரன்யன் என்னும் பத்திரிகை எழுத்தாளரின் ஆலோசனையும் சேர, உடல் மோதலே விளையாட்டின் ஓர் அங்கமாக விதிகளில் இடம்பெற்றது. பெண்களும் ஆண்களும் ஒரே விதிகளின்கீழ் மாறி மாறி ஆடினர் என்பது அக்காலத்துக்குப் புதுமை.

1948ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலிருந்து தொலைக்காட்சி வாயிலாக இவ்விளையாட்டு வீடுகளைச் சென்றடைந்தது. ஆயினும் காலப்போக்கில் வேடிக்கை மிகுந்து, விளையாட்டின் நேர்மை குறைந்தது. 1973ஆம் ஆண்டில் அந்தப் பழைய நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் நடைபெற்ற சில முயற்சிகள் நிலைக்கவில்லை.

மறுமலர்ச்சி 2001ஆம் ஆண்டிலே ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் நிகழ்ந்தது. இம்முறை இதனை எடுத்து நடத்தியவர்கள் இலாபம் தேடும் முதலாளிகளல்லர், ஆடும் பெண்களேயாவர். சாய்தளமாக அமைந்த விலையுயர்ந்த மரப்பாதையை விடுத்து, சமதரையிலே கோடு வரைந்து ஆடும் முறை பரவியது. கோடு வரையத்தக்க சமதரை ஒன்று இருந்தாற் போதும் என்றானபோது, விளையாட்டு நாடு விட்டு நாடு பரவுவது எளிதாயிற்று. 2004ஆம் ஆண்டிற் பெண்கள் சமதரை டேர்பிச் சங்கம் தோன்றி, பொதுவான விதிகளை வகுத்தது. 2011ஆம் ஆண்டில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி கனடாவின் ரொறன்ரோ நகரில் நடைபெற்றது. அடுத்தவை 2014இல் டலஸ் நகரிலும், 2018இல் மஞ்செஸ்டரிலும், 2025இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலும் நடந்தன. இது மேனாட்டவருக்கே உரியது என்று எண்ண வேண்டியதில்லை. எகிப்தின் கெய்ரோ நகரிலே 2012ஆம் ஆண்டிற் பெண்கள் சிலர் கூடித் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டனர். ஆண்களுக்கான சங்கமும் இளையோர் குழுக்களும் இன்று பல நாடுகளில் உண்டு.

விளையாட்டு எவ்வாறு ஆடப்படுகின்றது? நம்மவருக்கு இதனை விளக்குவதற்குக் கிளித்தட்டைக் காட்டிலும் பொருத்தமான உவமை இல்லை. கிளித்தட்டில் ஒரு கட்சியினர் கோடுகளில் நின்று மறிப்பர். மற்றக் கட்சியினர் அவர்களுக்கு அகப்படாது ஒவ்வொரு தட்டாகக் கடந்து செல்ல முயல்வர். மறிப்பவரை ஏமாற்றி இடைவெளியைக் கண்டுபிடித்து நுழைவதே அங்கே திறமை. டேர்பியிலும் அதுவே திறமை. கிளித்தட்டில் மறிப்பவர் கோட்டை விட்டு விலகார். டேர்பியில் மறிப்பவரும் ஓடிக்கொண்டே மறிப்பர். கிளித்தட்டிற் கையாற் தொட்டால் ஆள் ஆட்டமிழப்பார். டேர்பியிலோ தொடுவது போதாது, உடலை அணைத்து வைத்து வழியை அடைக்க வேண்டும்.

ஒவ்வோர் அணியிலிருந்தும் ஐவர் ஒரே வேளையிற் களத்தில் இருப்பர். ஒருவர் ‘ஜாமர்’; அவருடைய தலைக்கவசத்தின் உறையில் நட்சத்திரம் பொறிக்கப்பட்டிருக்கும். அவரை முந்துபவர் என்று நாம் அழைக்கலாம். ஏனைய நால்வரும் மறிப்பவர். அந்நால்வருள் ஒருவரின் தலைக்கவசத்திற் கோடு இருக்கும். அவர் ‘பிவட்’ எனப்படுவார். முந்துபவர் களைத்தால் நட்சத்திர உறையைப் பிவட்டிடம் ஒப்படைக்கலாம். அதன்பின் அவரே முந்துபவராவார்.

ஊதல் ஒலித்ததும் இரு முந்துபவரும் மறிப்போர் கூட்டத்தைப் பின்னாலிருந்து ஊடறுக்க முயல்வர். முதன்முறை ஊடறுத்துச் செல்வதற்குப் புள்ளி கிடையாது. முதலில் விதிப்படி வெளிப்படுபவருக்கு ஓர் உரிமை மட்டும் கிடைக்கும்; தமக்கு வேண்டிய வேளையில் இரு கைகளாலும் இடுப்பிற் பலமுறை தட்டி, அச்சுற்றாட்டத்தை அவர் நிறுத்திவிடலாம். பின்னர் களத்தைச் சுற்றி வந்து மீண்டும் கூட்டத்தைக் கடக்கும்போது, கடக்கும் ஒவ்வோர் எதிரணி மறிப்பவருக்கும் ஒவ்வொரு புள்ளி சேரும். இத்தகைய சுற்றாட்டம் ஒன்று 2 நிமிடத்துக்கு மேற் செல்லாது. இரண்டு சுற்றாட்டங்களுக்கு இடையே 30 விநாடி ஓய்வு. போட்டி முழுவதும் 30 நிமிடம் கொண்ட இரு பாதிகளால் ஆனது. ஓட்டம் இடஞ்சுழியாகவே நடைபெறும்.

மோதல் என்றவுடன் கண்டபடி அடித்துக்கொள்வது என்று கருதலாகாது. தோள், மேற்கை, நெஞ்சு, இடுப்பு, தொடை ஆகியவற்றால் மோதலாம். கையாற் பிடித்தலும், முழங்கையால் இடித்தலும், தலையால் முட்டுதலும், காலை இடறுதலும் குற்றம். எதிராளியின் முதுகிலோ தலையிலோ நடுத்தொடைக்குக் கீழோ மோதுவதும் குற்றம். குற்றஞ் செய்தவர் 30 விநாடி களத்துக்கு வெளியே அமர வேண்டும். ஏழு குற்றம் சேர்ந்தால் அப்போட்டியிலிருந்து விலக்கப்படுவார். சில்லுச் சப்பாத்து அணிந்த நடுவர்கள் எழுவர் வரை உடன் சுற்றி வந்து இவற்றைக் கண்காணிப்பர்.

இனித் தொடங்கும் முறை. முதற் செலவு எதற்கு என்பதிலேயே பலர் வழி தவறுகின்றனர். பளபளப்பான சப்பாத்தை முதலில் வாங்கி, எஞ்சிய காசிற் காப்புகளை வாங்க நினைப்பது பொதுவான வழக்கம். அவ்வரிசையை மாற்றிக்கொள்க. முதலிற் காப்புகள், பின்னரே சப்பாத்து. தலைக்கவசம், பற்காப்பு, முழங்கைக் காப்பு, மணிக்கட்டுக் காப்பு, முழங்காற் காப்பு ஆகிய ஐந்தும் டேர்பிக்கு இன்றியமையாதவை. இவற்றுள் முழங்காற் காப்பு தடித்ததாயும் மேலே வன்மையான ஓடு உடையதாயும் இருத்தல் வேண்டும். ஏனெனிற் கற்பவர் தாமாகவே ஒரு நாளிற் பலமுறை அதன்மீது விழப்போகின்றார். மணிக்கட்டுக் காப்பையும் அற்பமாக எண்ணற்க. விழும் மனிதன் இயல்பாகக் கையை நீட்டி நிலத்தில் ஊன்றுகின்றான். உடற்பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகின்றது. சில்லுச் சப்பாத்து அணிவோருக்கு மணிக்கட்டிலேயே காயம் மிகுதி. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். ஆயினும் மூளை அதிர்ச்சியை முற்றாகத் தடுக்காது. தலையில் அடிபட்டவர் தலைச்சுற்று, வாந்தி, மயக்கம் முதலியவற்றை உணர்ந்தால் அன்றைய பயிற்சியை விட்டு மருத்துவரை நாடுதல் வேண்டும்.

சப்பாத்து இருவகைப்படும். சில்லுகள் ஒரே கோட்டில் வரிசையாக அமைந்தவை வேகவோட்டத்துக்கு ஏற்றவை. முன்னிரண்டும் பின்னிரண்டுமாக அமைந்த இருவரிசைச் சப்பாத்தே டேர்பிக்கு உரியது. பெருவிரலின் முன்னே ஒரு றப்பர்த் தடுப்பு இருக்கும். வாங்கும்போது குதிக்கால் உள்ளே அசையாதிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். “வளரும் பிள்ளைதானே” என்று பெரிய அளவிற் சப்பாத்து வாங்குவது நம் வீட்டு வழக்கம். பள்ளிச் சப்பாத்துக்கு அது பொருந்தலாம். சில்லுச் சப்பாத்துக்கு அது ஆபத்தாகும். கால் உள்ளே நழுவினாற் கணுக்கால் சுளுக்கும்.

சில்லின்மேல் 78 ஏ, 85 ஏ, 95 ஏ என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறையச் சில்லு மென்மையாகும். கரடுமுரடான சீமெந்துத் தரைக்கு மென்மையான சில்லு ஏற்றது. மழமழப்பான மரத்தரைக்கு வன்மையானது ஏற்றது. ஒரு சோடிச் சப்பாத்தில் 8 சில்லுகளும், சில்லுக்கு இரண்டாக 16 பெயாரிங்குகளும் உண்டு. பெரும்பாலானவை 608 என்னும் எண்ணுடைய பொது அளவைச் சேர்ந்தவை: உள்விட்டம் 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22, தடிப்பு 7. மருதானைக்கு அயலிலுள்ள பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர் பெற்ற இடம் என்பதை நேயர்கள் அறிவர். பெயாரிங் பழுதுற்றால், பழையது ஒன்றைக் கையோடு கொண்டு சென்று அளவு பார்த்து இத்தகைய கடைகளில் விசாரிக்கலாம். சில சப்பாத்துகளின் அச்சு 7 மில்லிமீற்றராக இருக்குமாதலின், அளவு பாராது வாங்கலாகாது. இயந்திரங்களுக்கென விற்கப்படும் பெயாரிங்கிற் தடித்த கிரீஸ் இருந்தாற் சில்லு சற்று மெதுவாகச் சுழலும். கற்பவருக்கு அது குறையன்று.

அடுத்து இடம். மருதானையின் வீதிகளிற் பேருந்தும் முச்சக்கர வண்டியும் இடைவிடாது ஓடுகின்றன. நடைபாதையோ மேடும் பள்ளமுமானது. வீதி கற்குமிடமன்று என்பதை உறுதியாகக் கொள்க. காலிமுகத்திடலின் கடற்கரையோரம் காற்றோட்டமானதுதான்; ஆயினும் மணலும் உப்புக்காற்றும் பெயாரிங்குக்குப் பகை. ஏற்றதோர் இடம், மேடுபள்ளமற்ற சீமெந்துத் தரையுடைய பாடசாலை மண்டபம் அல்லது வலைப்பந்துக் களம். இதில் ஒரு கணக்கையும் பார்க்கலாம். சமதரை டேர்பிக் களத்தின் வெளிக்கோடு ஏறக்குறைய 88 அடி நீளமும் 55 அடி அகலமும் உடையது. உட்கோடு 60 அடி நீளமும் 25 அடி அகலமும் உடையது. வலைப்பந்துக் களம் 100 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்டது. ஆகவே முழுக் களமும், அதனைச் சூழ வேண்டிய பாதுகாப்பு வெளியும் அதற்குள் அடங்கா. எனினும் உட்கோட்டை வெண்கட்டியால் வரைந்து, அதனைச் சுற்றிப் பழகுவதற்கு அவ்விடம் தாராளமாகப் போதும். பயிற்சிக்கு முன்னர் தரையைக் கூட்டித் துப்புரவு செய்ய வேண்டும். ஒரு சிறு கூழாங்கல் சில்லின்கீழ் அகப்பட்டாலும் ஆளைத் தள்ளிவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், ஐப்பசி மாதத்து மாலை மழையிலும் நனைந்த தரையில் இறங்கலாகாது.

இடமும் காப்பும் அமைந்தபின் முதற் பாடம் நிற்றல். நேராக விறைத்து நிற்பவர் பின்னே சரிவர். பின்னே சரிவதே மிகக் கொடிய வீழ்ச்சி. பாதங்களைத் தோளளவு அகற்றி, முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, மார்பைச் சிறிது முன்னே சாய்த்து நிற்க வேண்டும். கதிரையில் அமரப் போகும் ஒருவரைப் பாதி வழியில் நிறுத்தினாற் போன்ற நிலை அது. முதல் வாரம் தொடைகள் நோகும். நோவு தீர்ந்து அந்த நிலை இயல்பாகும் வரை புற்றரையிலோ கம்பளத்திலோ சப்பாத்தோடு நடந்து பழகலாம். அங்கே சில்லு உருளாது.

இரண்டாவது பாடம் விழுதல். இதுவே இவ்விளையாட்டின் அத்திவாரம். நகராது நின்றபடியே முதலிற் பழக வேண்டும். நிலை தளர்வதை உணர்ந்தவுடன் எதிர்த்துப் போராடாது, உடலைத் தாழ்த்தி, ஒரு முழங்காலைக் காப்பின்மீது மெல்ல ஊன்றுக. கைகளை மார்போடு சேர்த்து, விரல்களை மடித்து முட்டியாக்குக. விரிந்து கிடக்கும் விரலின்மேல் இன்னொருவரின் சில்லு ஏறிவிடக்கூடும். பின்னர் இரு முழங்காலிலும் விழுந்து நிற்கப் பழகுக. எந்த வகையாயினும், கை கால்களைப் பரப்பாது சிறுத்து விழுவதே முறை. விழுந்தவர் கையை நிலத்தில் ஊன்றாமலே, ஒரு காலை முன்வைத்து, முழங்காலில் தாங்கி எழ வேண்டும். நன்கு பயின்றவர் சில விநாடிக்குள் விழுந்தெழுந்து மீண்டும் ஓட்டத்திற் சேர்ந்துவிடுவார். இதிற் பொதிந்திருக்கும் பொறிமுறை எளியது. உயரம் குறையக் குறைய விழும் வேகம் குறைகின்றது. தாங்கும் பரப்பு அகல அகல ஓரிடத்தில் இறங்கும் அழுத்தம் குறைகின்றது. தாழ்ந்தும் காப்பின்மீதும் விழுபவர் நிலத்தின் அடியைத் தாமே தெரிந்த இடத்தில் வாங்கிக்கொள்கின்றார்.

மூன்றாவது பாடம் நிறுத்தல். கால்களை அகற்றிப் பெருவிரல்களை உட்புறம் திருப்பி, குதிகளை வெளியே அழுத்தினால் வேகம் தணியும். வயலை உழும் கலப்பையைப் போன்ற வடிவம் அது. ஒரு பாதத்தை மற்றப் பாதத்தின் பின்னே குறுக்காக இழுத்து நிறுத்துவது இன்னொரு முறை. முன்னுள்ள றப்பர்த் தடுப்பைப் பயன்படுத்துவது அதன்பின் வருவது. இம்மூன்றும் கைவந்த பின்னரே நீட்டித் தள்ளி வேகம் பெறுதலும், வளைவிலே வலக்காலை இடக்காலின் குறுக்கே எடுத்து வைத்துச் செல்லுதலும் கற்பிக்கப்படும். டேர்பிக் குழுக்களில், 5 நிமிடத்தில் 27 முறை களத்தைச் சுற்ற முடிகின்றதா என்பதை ஒரு காலத்திற் தகுதிச் சோதனையாகவே வைத்திருந்தனர். வெறும் வேகத்தையன்று, களைத்த வேளையிலும் முறையான நிலையிற் சறுக்கும் ஆற்றலையே அச்சோதனை காட்டியது. வாரம் இருமுறை பழகும் ஒருவர் மோதற் பயிற்சிக்குச் செல்லப் பல மாதங்கள் ஆகலாம். அனுபவம் உடைய பயிற்சியாளர் இன்றி மோதலைத் தொடங்குவது கூடாது. மோதலை விரும்பாதவர் நடுவராகலாம். நேரமும் புள்ளியும் குறிப்பவராகலாம். அன்றிச் சறுக்குதலோடு அமைந்துவிடலாம்.

சறுக்குதலோடு அமைந்தவர்களும் உயர்ந்த இடத்தை அடையலாம் என்பதற்கு நம் மொழி பேசுவோரிடையே சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2025ஆம் ஆண்டு செப்டெம்பரிற் சீனாவில் நடைபெற்ற உலக வேகச் சறுக்குப் போட்டியில், 1000 மீற்றரை 1 நிமிடம் 24.924 விநாடியிற் கடந்து தங்கப் பதக்கம் வென்றார். அதே போட்டியில் 42 கிலோமீற்றர் நெடுவோட்டத்திலும் தங்கம் பெற்றார். சென்னையைச் சேர்ந்த ஆரத்தி கஸ்தூரிராஜ், 2023ஆம் ஆண்டிற் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், பெண்கள் 3000 மீற்றர் அஞ்சலோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் நால்வருள் ஒருவர். இவர்கள் அணிவது ஒருவரிசைச் சப்பாத்து. இவர்களது ஆட்டம் டேர்பியன்று. ஆயினும் முழங்காலை மடித்து நிற்றலும், அஞ்சாது சாய்தலும் இரண்டுக்கும் பொது.

இனி, விளையாட்டின் விதிகளுக்கு அப்பாற்பட்ட ஒரு தடையைப் பேசாது விடுதல் நேர்மையாகாது. நம் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து புதிதன்று. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்காக ஆடிப் பெற்ற புகழை யாவரும் அறிவர். எனினும் வலைப்பந்து உடல் தீண்டலை விலக்கிய ஆட்டம். டேர்பியோ பெண் ஒருத்தி தன் தோளையும் இடுப்பையும் கொண்டு வழியை மறிக்கவும், இடிபட்டு விழவும், எழுந்து மீண்டும் நுழையவும் கேட்கின்றது. இங்கேதான் அம்மம்மாவின் முகம் சுருங்குகின்றது. “காலில் தழும்பு வந்தால் நாளைக்கு யார் கேட்பார்கள்?” என்ற வினா எழுகின்றது. அவ்வினாவில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. அன்புக்கு மறுமொழி தரமான காப்பும், நல்ல தரையும், பொறுமையான பயிற்சியும் ஆகும். அச்சத்துக்கு மறுமொழியோ வேறு. ஒருநாளும் விழாதபடி வளர்க்கப்பட்டவள் நனைந்த பேருந்துப் படியிலும் விழுவாள், மாடிப்படியிலும் விழுவாள். அன்று எப்படி விழுவதென்று அவளுக்குத் தெரிந்திராது. பழகியவளோ தாழ்ந்து, சிறுத்து, கையை மடக்கி விழுவாள், எழுந்தும் விடுவாள். தழும்பின்றி வளர்வதா, விழுந்தெழும் திறனோடு வளர்வதா என்று தெரிவு செய்யும் உரிமை, உரிய வயதில் அவளுக்கும் உண்டு.

காயமே வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. எலும்பு முறிவும் மூட்டுச் சுளுக்கும் இவ்விளையாட்டில் நேர்வனவே. பெற்றோர் இதனை அறிந்தே சம்மதிக்க வேண்டும். பிள்ளையும் அறிந்தே இறங்க வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்தில் முதலுதவி தெரிந்த ஒருவர் இருத்தலும், அண்மையிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் வழி முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருத்தலும் கட்டாயம்.

தொடங்க விரும்புவோருக்கு இறுதியாகச் சில சொற்கள். தனியே தொடங்காது, ஐந்தாறு பேர் சேருங்கள். காப்புகள் இரண்டு மூன்று சோடி இருந்தால் முறை வைத்து அணியலாம். ஒருவர் பழக, ஒருவர் பக்கத்தில் நின்று பிடிக்கலாம். பாடசாலை அதிபரிடமோ சனசமூக நிலையத்தாரிடமோ எழுத்தில் அனுமதி பெறுங்கள். களத்தின் தரை பழுதுபடாதவாறு பார்த்துக்கொள்வோம் என்று உறுதி கூறுங்கள். ஒஸ்ரினிலும் கெய்ரோவிலும் இவ்விளையாட்டைத் தொடங்கியோர், தமக்கென ஓர் அரங்கு கட்டப்படும் வரை காத்திருக்கவில்லை. கிடைத்த சமதரையிற் கோடு வரைந்தனர். முதல் மாதத்தில் ஓட்டத்தைப் பற்றி எண்ணாதீர்கள். நிற்கவும், விழவும், எழவும், நிறுத்தவும் பழகுங்கள். அந்த நான்கும் கைவந்தாற் சில்லுகள் தாமாகவே ஓடும்.